பகடையில் பிறந்த அறவீரன்

திறனாய்வு என்றால் காவியத்தையும் கவிதையையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுவதே இப்பக்கங்களின் வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு விளையாட்டின் விதிநூல். இஃது என்ன புதுமை என்று வாசகர்கள் வியக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்க நாட்டில் பணிபுரியும் நம் தங்கை மகன் சில திங்களுக்கு முன் நமக்கு ஒரு நீண்ட மடல் விடுத்திருந்தார். சனிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து கதை விளையாட்டு ஒன்று ஆடுகிறார்களாம். அடுத்துத் தொடங்கவிருக்கும் கதையில் 'பாலடின்' என்னும் பாத்திரம் அவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நேர்மை தவறாத குதிரைவீரன் என்பது அச்சொல்லின் பொருள். "மாமா, ஐவரில் முஸ்லிம் நான் ஒருவனே. 'பாலடின்கள் உன் பாட்டன்மாரை வெட்டியவர்களாயிற்றே, நீயா அந்த வேடம் போடப் போகிறாய்?' என்று நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அது மனத்தில் தங்கிவிட்டது. இந்த வேடத்தை நான் ஏற்கலாமா? ஏற்றால் அவனை எப்படி உருவாக்குவது?" என்று கேட்டிருந்தார். விதிநூல்கள் சிலவற்றையும் வாங்கி அனுப்பியிருந்தார்.

முதற்கேள்வியைப் படித்ததும் ஃபத்வா கேட்கிறாரோ என்று சற்றே தயங்கினோம். இரண்டாவது கேள்வியைப் படித்தபோது இது முழுக்க முழுக்க இலக்கியக் கேள்வி என்று தெரிந்தது. நல்லவன் ஒருவனைக் கதையில் படைப்பது எப்படி? தீயவனைப் படைப்பது எளிது. நகைச்சுவைப் பாத்திரத்தைப் படைப்பதும் அவ்வளவு அரிதன்று. படிப்போருக்குச் சலிப்பூட்டாத நல்லவனைப் படைப்பதில்தான் பெரும்புலவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். ஆகவே விதிநூல்களைக் காவியம் படிக்கும் கவனத்தோடு படித்தோம்.

விளையாட்டின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர். முதலில் அச்சிட்டவை 1,000 படிகளே. இன்று உலகெங்கும் ஆடப்படுகிறது. இதில் வெல்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. ஒருவர் நடுவராக அமர்ந்து கதையின் உலகை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, 'நான் இன்னது செய்கிறேன்' என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஒருவகையில் இது பலர் கூடிக் கட்டும் கதையேயன்றி வேறன்று.

பகடை என்றவுடன் நம் இல்லங்களிலுள்ள பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவோம். இங்கே பணயம் கிடையாது. யாருடைய பணமும் கைமாறுவதில்லை. ஆகவே சூது என்று சொல்வதற்கில்லை. எனினும் பகடை எறிவதையே வெறுத்த இமாம்கள் உண்டு என்பதையும் மருமகனுக்கு எழுதினோம். அந்த விவாதத்தை இங்கே விரிக்கவில்லை. நம் பொருள் பாத்திரப் படைப்பு.

பாலடின் இவ்விளையாட்டினுள் நுழைந்தது 1975இல், 'கிரேஹாக்' என்னும் துணைநூலின் வழியாக. பாத்திரத்தின் உடல்வலிமை, அறிவு, கவர்ச்சி முதலிய இயல்புகளை அக்காலத்தில் மூன்று பகடைகளை உருட்டிக் கணக்கிடுவது வழக்கம். பாலடின் ஆவதற்கு, மக்களை ஈர்த்துத் தலைமை தாங்கும் 'கவர்ச்சி' என்னும் இயல்பு 17க்குக் குறையாதிருத்தல் வேண்டும். மூன்று பகடைகள் விழக்கூடிய 216 வகைகளில் நான்கில் மட்டுமே 17ஓ 18ஓ கிடைக்கும். நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1978இல் வந்த விரிவான விதிநூல் இன்னும் கடுமையானது. வலிமை 12, அறிவு 9, ஞானம் 13, உடலுறுதி 9, கவர்ச்சி 17 என்று ஐந்து வாயில்களைக் கடந்தாக வேண்டும்; பிறப்பால் மனிதனாகவும் இருத்தல் வேண்டும்.

வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டுகிறோம். அறவீரன் ஆவதற்குக் கேட்கப்படும் மிகக் கடுமையான தகுதி எது? இரக்கமா, வாய்மையா, பொறுமையா? இல்லை, கவர்ச்சி! அதுவும் அவன் உழைத்து ஈட்டியதன்று, பகடை கொடுத்தது. அறம் என்பது உயர்ந்த இடத்தில் பிறந்தவனுக்கே உரிய சொத்து என்னும் பழைய ஐரோப்பியப் பிரபுக்களின் எண்ணம், அவர்களே அறியாமல் இந்த எண்களுக்குள் வந்து அமர்ந்துவிட்டது என்று கருதுகிறோம்.

அவனுக்குக் கிடைக்கும் ஆற்றல்களோ பல. நோய் அவனை அணுகாது. கை வைத்தால் காயம் ஆறும். 60 அடி தொலைவிலிருந்தே தீமையை உணர்ந்துவிடுவான். தக்க காலத்தில் அறிவுமிக்க போர்க்குதிரை ஒன்று அவனுக்கு வாய்க்கும். இவற்றுக்கு ஈடாக அவன் கட்டுப்பட வேண்டிய நெறிகளும் உண்டு. செல்வம் சேர்க்கக் கூடாது. வருவாயில் பத்தில் ஒரு பங்கை உடனே அறப்பணிக்கு அளித்துவிட வேண்டும். மாய ஆற்றலுள்ள பொருள்கள் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. தன்னைப் போன்ற நெறியாளரோடு மட்டுமே கூட்டுச் சேர வேண்டும். ஒழுங்கு மீறினால் சமயகுரு ஒருவரிடம் சென்று ஒப்புக்கொண்டு பரிகாரம் தேட வேண்டும். அறிந்தும் விரும்பியும் ஒரே ஒரு தீச்செயல் புரிந்தாலோ எல்லா ஆற்றல்களும் அக்கணமே போய்விடும். திரும்ப வரவே மாட்டா. அதன் பின் அவன் சாதாரணப் போர்வீரன்.

பத்தில் ஒரு பங்கு என்பதைக் கண்டதும் நமக்கு ஒரு புன்னகை வந்தது. நாற்பதில் ஒரு பங்கு ஸகாத்தைக் கணக்கிடும்போது நம்மவர் சிலர் படும் பாட்டை நாம் பார்த்திருக்கிறோம். அது நிற்க.

இவ்விதிகளில் நல்லெண்ணம் இல்லாமலில்லை. கொள்ளைப்பொருளைப் பங்கிடுவதையே பெரும்பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு விளையாட்டின் நடுவே, 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் ஒருவனை நிறுத்தியது துணிவான செயல்தான். அந்த ஒன்றுக்காகவே ஆக்கியோரைப் பாராட்டலாம். ஆனால் குறை அடித்தளத்தில் இருக்கிறது. இங்கே அறம் என்பது ஆற்றலுக்குச் செலுத்தும் விலை. விலையைக் கட்டினால் பொருள் கிடைக்கும். கட்டத் தவறினால் கடைக்காரர் பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்வார். குதிரை போய்விடுமே என்று அஞ்சிப் பொய் சொல்லாதிருப்பவன் வாய்மையாளனா, கணக்காளனா? நிய்யத்தைப் பற்றிய நபிமொழியோடு தம் ஹதீஸ் தொகுப்பைத் தொடங்கிய இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் நூலை ஓதிய எவருக்கும் இக்கேள்வி எழாமல் இராது.

இவ்வடித்தளக் குறையிலிருந்து மேசையைச் சுற்றி இரண்டு நோய்கள் பரவுகின்றன. மருமகனின் மடலிலும் அவற்றின் அறிகுறிகள் இருந்தன. முதலாவது, அறவீரன் தன் தோழர்களுக்குக் காவலதிகாரி ஆகிவிடுவது. தீயவரோடு கூட்டுச் சேர்ந்தால் தன் பதவி போய்விடுமென்பதால், திருடன் வேடம் பூண்ட நண்பர் ஒரு பூட்டைத் திறக்கப் போனாலும் அவன் குறுக்கே பாய்கிறான். எல்லாருக்கும் உபதேசம். இப்படிப்பட்டவர் ஒருவர் நம் மஹல்லாவிலும் இருப்பார். அவர் வரும் தெருவில் பிள்ளைகள் வேறு வழியாகப் போவார்கள். இரண்டாவது நோய் நடுவரிடமிருந்து வருவது. ஒரே ஒரு தீச்செயலில் இவன் வீழ்ந்துவிடுவான் என்று விதி சொல்லுவதால், அவனை வீழ்த்திப் பார்க்கும் ஆசை நடுவருக்கு எழுகிறது. இரண்டு பக்கமும் பாவம், நடுவில் வழியில்லை என்னும்படி ஒரு நெருக்கடியைக் கட்டி, 'என்ன செய்வாய்?' என்று காத்திருக்கிறார். எதைச் செய்தாலும் வீழ்ச்சி. இது சோதனையன்று, கண்ணி. தப்பும் வழி ஒன்றாவது இருந்தால்தான் அதைச் சோதனை எனலாம்.

அத்தகைய நெருக்கடிகளுள் பேர்போனது ஒன்று உண்டு. கைகாக்ஸ் எழுதி 1979ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'எல்லைக் காவற்கோட்டை' என்னும் கதைத்திட்டத்தில் கொடும்பூதக் கூட்டங்கள் வாழும் குகைகள் வருகின்றன. குகைக்குக் குகை எத்தனை போர்வீரர்கள் என்று எண்ணிக்கை கொடுத்திருப்பது போலவே, போரிடாத பெண்களும் குஞ்சுகளும் எத்தனை என்பதும் கொடுக்கப்பட்டிருக்கிறது. வீரர்களை வென்றபின் அந்தக் குஞ்சுகளை என்ன செய்வது? நூல் வழி கூறவில்லை. பிறப்பாலேயே தீயவை என்று ஓரினத்தை முத்திரையிட்டுவிட்டால் அவற்றின் குழந்தைகளும் தீயவைதாமே என்று ஒரு சாரார். குழந்தையைக் கொல்பவன் அறவீரனா என்று மற்றொரு சாரார். இந்த வழக்கு ஐம்பதாண்டுக் காலமாகத் தீரவில்லை.

நமக்கு இதில் வழக்கே இருப்பதாகத் தோன்றவில்லை. படையை வழியனுப்பும்போது பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் தொடக் கூடாதென்றும், கனி தரும் மரத்தை வெட்டக் கூடாதென்றும் ஹஸ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் கட்டளையிட்ட வரலாறு மதரஸாவின் கீழ்வகுப்பு மாணவனும் அறிந்தது. பகைவரின் பிள்ளைகள் நல்லவர்களா தீயவர்களா என்று அவர்கள் ஆராயவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த அறவீரனிடம் 60 அடியிலிருந்து தீமையை உணரும் ஆற்றல் இருப்பதுதான் இங்கே கேடாக முடிகிறது. காழி சாட்சியை விசாரிக்கிறார். வெளிப்படையானதைக் கொண்டே தீர்ப்புச் சொல்கிறார். உள்ளத்தை அல்லாஹ்விடம் விட்டுவிடுகிறார். உள்ளத்தை நேரே பார்த்துவிடும் வீரனுக்கு விசாரணையே தேவையில்லை. விசாரிக்க வேண்டாதவனுக்கு நீதியைக் கொண்டு என்ன வேலை? அந்த ஆற்றல் பாத்திரத்தாளில் இருந்தாலும் அதனைக் கூடியமட்டும் பயன்படுத்த வேண்டாம் என்று மருமகனுக்கு எழுதினோம்.

பின்வந்த பதிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு, மனிதர் மட்டுமே என்ற தடையை நீக்கியது. 2008இல் நெறிக்கட்டு மேலும் தளர்ந்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் வீரன் ஓர் உறுதிமொழி எடுக்கிறான். அந்த உறுதிமொழிதான் அவனுடைய ஆற்றலின் ஊற்று. உறுதிமொழியை மையமாக்கியது நல்ல திருத்தம். ஆனால் அதில் தரப்பட்டிருக்கும் மூன்று உறுதிமொழிகளுள் ஒன்று பழிவாங்கலுக்கு உரியது! விலை அதிகமென்று வாடிக்கையாளர் முறையிட்டவுடன் விலையைக் குறைத்தார்களேயன்றி, அறத்தை விலைப்பொருளாக வைத்ததை மாற்றவில்லை.

இதே துறையில் வேறொருவர் வேறு விதமாகச் சிந்தித்திருக்கிறார். கிரெக் ஸ்டாஃபோர்ட் என்பவர் 1985இல் 'பென்டிராகன்' என்னும் விளையாட்டை வெளியிட்டார். ஆர்தர் மன்னனின் குதிரைவீரர்களைப் பற்றியது. அதில் ஒவ்வொரு வீரனுக்கும் 13 குணச்சோடிகள் இருக்கின்றன. இரக்கம் எதிரே கொடுமை, அடக்கம் எதிரே செருக்கு, நீதி எதிரே மனம்போன போக்கு என்பவை போல. ஒவ்வொரு சோடியின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் 13 என்றால் கொடுமை 7 அவனுக்குள்ளேயே இருக்கிறது. நெருக்கடி வரும்போது வீரன் தன் குணத்தின்மீதே பகடை எறிகிறான். சில வேளை தோற்றுப்போகிறான். இரக்கமாக நடந்தால் அதற்கொரு குறியிட்டு, ஆண்டின் இறுதியில் குளிர்காலம் வரும்போது அந்தக் குணம் வளர்ந்ததா என்று பார்க்கிறார்கள்.

இதைப் படித்தபோது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா'வில் நஃப்ஸைப் பயிற்றுவது பற்றிய பகுதி நினைவில் எழுந்தது. கருமியாயிருப்பவன் கொடையாளி ஆக விரும்பினால், மனம் ஒப்பாதபோதும் கொடுத்துக் கொடுத்துப் பழகவேண்டும். பழகப் பழகக் கொடுத்தல் இயல்பாகும் என்பது அங்கே விளக்கப்படும் கருத்து. ஹிஜ்ரி 505இல் மறைந்த தூஸ் நகரத்துப் பேரறிஞரும் 1985இன் அமெரிக்க விளையாட்டாசிரியரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒருவரை மற்றவர் படித்திருக்க வேண்டுமென்பதில்லை; மனித உள்ளத்தை உற்றுப் பார்த்தவர்கள் இருவரும். கைகாக்ஸின் வீரன் நல்லவனாகவே பிறந்து, வீழ்வதற்கு மட்டுமே வாய்ப்புள்ளவன். ஸ்டாஃபோர்டின் வீரன் நல்லவனாக ஆகிக்கொண்டிருப்பவன். கதைக்கு உகந்தவன் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

இனி அந்த நண்பர் சிரித்துக்கொண்டே கேட்ட கேள்விக்கு வருவோம். அவர் கேட்டதில் உண்மை இருக்கிறது. 'பாலடின்' என்பது அரண்மனையைச் சார்ந்தவர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. சார்லமேன் பேரரசரின் பன்னிரு பெருவீரர்களைக் குறித்தது. அவர்களின் புகழ் பாடும் நூல்களில் தலையாயது, ஏறத்தாழ 1100ஆம் ஆண்டில் உருவான பிரெஞ்சுக் காவியமாகிய 'ரோலந்தின் பாடல்'. அதில் பகைவர் 'ஸாரஸன்கள்', அதாவது முஸ்லிம்கள். அக்காவியப் புலவர் நம்மைப் பற்றி என்ன அறிந்திருந்தார் என்பதற்கு ஒன்றே போதும்: முஸ்லிம்கள் சிலைகளை வணங்குவதாகவும், அச்சிலைகளுள் ஒன்று நம் நாயகம் (ஸல்) அவர்களுடையது என்றும் பாடியிருக்கிறார்! சிலைகளைத் தகர்த்த மார்க்கத்தின் மீது இதைவிட அறியாமை மிக்க பழி இருக்க முடியாது.

வரலாறோ வேறு. 778ஆம் ஆண்டில் சார்லமேன் பைரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினுக்குள் வந்ததே, குர்துபா அமீரோடு பகைகொண்டிருந்த முஸ்லிம் ஆளுநர்கள் சிலர் அழைத்ததனால்தான். ஸரகோஸா நகரம் கதவைத் திறக்கவில்லை. அவர் திரும்பிச் செல்லும் வழியில் ரோன்செவோ கணவாயில் பின்படையைத் தாக்கி ரோலந்தைக் கொன்றவர்கள் பாஸ்க் மலைவாழ் மக்கள். சார்லமேனின் வரலாற்றை எழுதிய அவருடைய அவையினரான ஐன்ஹார்டே இதைச் சொல்கிறார். முந்நூறாண்டுகளுக்குப் பின் பாடிய புலவர் பாஸ்குகளை அழித்துவிட்டு அங்கே முஸ்லிம்களை எழுதிக்கொண்டார். அதே சார்லமேனும் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதும் தூது பரிமாறிக்கொண்டதையும், பக்தாதிலிருந்து சென்ற அபுல் அப்பாஸ் என்னும் யானை 802இல் ஆஹன் நகரை அடைந்ததையும் அவர் பாடவில்லை. நம் முன்னோரின் படைப்போர் இலக்கியங்களிலும் எதிரணியினர் ஒரே கரிய வண்ணத்தில் தீட்டப்பட்டிருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. போர்ப்பாடல் பாடுவோர் எந்நாட்டிலும் இப்படித்தான்.

எனவே மருமகனுக்கு 'வேண்டாம், விட்டுவிடுங்கள்' என்று எழுதியிருக்கலாம். எழுதவும் தொடங்கினோம். அப்போதுதான் இவ்விளையாட்டின் பாலடின் நேரே ரோலந்திலிருந்து வரவில்லை என்பது தெரிந்தது. போல் ஆண்டர்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1953இல் இதழொன்றில் எழுதி, 1961இல் விரித்து நூலாக்கிய 'மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்' என்னும் புதினத்திலிருந்து கைகாக்ஸ் பெற்றது அது. ஒழுங்கும் குழப்பமும் எதிரெதிரே நிற்கும் உலகு என்ற எண்ணத்துக்கும் அப்புதினமே பெருந்துணை. அதன் நாயகன் ஹோல்கர் என்னும் டேனிஷ் பொறியாளன். இரண்டாம் உலகப் போரில் காயமுற்று விழுந்தவன் வேறோர் உலகில் கண்விழிக்கிறான். தானே சார்லமேனின் பெருவீரருள் ஒருவனான 'டேன் நாட்டு ஓஜியர்' என்பதை இறுதியில் அறிகிறான்.

இந்த ஓஜியர் யார் என்று பழைய பிரெஞ்சுக் காவியங்களைப் பற்றிய நூல்களைப் புரட்டினோம். வியப்புக்குமேல் வியப்பு! சார்லமேனின் மகன் சதுரங்க ஆட்டத்தில் மூண்ட சினத்தால் ஓஜியரின் இளமகனை அந்தப் பலகையாலேயே அடித்துக் கொன்றுவிடுகிறான். நீதி கிடைக்காத ஓஜியர் தன் பேரரசருக்கு எதிராகவே வாளேந்திப் பல்லாண்டுகள் போரிடுகிறான். ஒழுங்கு மீறினால் பதவி பறிபோகும் என்று விதியெழுதப்பட்ட பாலடினுக்கு மூதாதை ஒரு கலகக்காரன்! 1978இன் விதிநூலை அவன்மீது செலுத்தினால் அவன் எத்தனை தடவை வீழ்ந்திருப்பானோ தெரியாது.

ஆயினும் நாம் சொல்ல வந்தவன் ஓஜியர் அல்லன். அவனுடைய இளமைக் கதையில் கராஹூ என்னும் ஸாரஸன் வீரன் வருகிறான். ரோமாபுரியின் அருகே இரு படைகளும் நிற்கின்றன. ஓஜியரும் கராஹூவும் தனிப்போர் புரிவதென்று வாக்களித்துக் களத்தில் இறங்குகிறார்கள். அப்போது கராஹூவின் சொந்தப் படையைச் சேர்ந்த இளவரசன் ஒருவன் வாக்கை மீறி, மறைந்திருந்து பாய்ந்து ஓஜியரைச் சிறைபிடித்துவிடுகிறான். கராஹூ தன் அரசரிடம் சென்று ஓஜியரை விடுவிக்குமாறு மன்றாடுகிறான், பயனில்லை. உடனே அவன் செய்வது என்ன? தனியனாகச் சார்லமேனின் பாசறைக்குச் சென்று, தன்னைக் கைதியாக ஒப்படைத்துக்கொள்கிறான். சிறையிலிருந்த ஓஜியரோ, கராஹூவுக்கு மணம் பேசியிருந்த பெண்ணைக் கவர நினைத்த மற்றொருவனை எதிர்த்துக் கராஹூவுக்காகவே போரிடுகிறான். முஸ்லிம்களைச் சிலைவணங்கிகள் என்று நம்பிய அதே மக்களிடையே பிறந்த பாட்டில், ஒரு முஸ்லிம் வீரன் இவ்வளவு உயரத்தில் நிற்கிறான். ஆண்டர்சனும் அவனை மறக்கவில்லை. அவருடைய புதினத்தில் ஹோல்கரைத் தேடிவந்து தோளோடு தோள் நிற்பவன் இந்தக் கராஹூதான்.

அந்தச் செயலை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பகைவனை வெல்வதில் வீரம் இருக்கிறது. பகைவனை மன்னிப்பதில் பெருமை இருக்கிறது. ஆனால் தன் பக்கத்தார் செய்த அநீதிக்குத் தன் உடலைப் பிணையாக வைப்பது என்பது இரண்டினும் அரியது. அதற்கு எந்த ஆற்றலும் பரிசாகக் கிடைப்பதில்லை. குதிரையும் போய்விடும், விடுதலையும் போய்விடும். விதிநூலின் எந்தப் பத்தியிலும் இதற்கு இடமில்லை. அறவீரனை அடையாளம் காட்டுவதோ இதுதான்.

நம் அரபு நூல்களில் 'ஃபுதுவ்வத்' என்னும் சொல் இதற்கு மிக அருகில் வருகிறது. 'ஃபதா' என்றால் இளைஞன். அவனுக்கு அழகான பண்பு ஃபுதுவ்வத். நைஸாபூர் ஸுலமீ (ரஹ்) அவர்கள் இதற்கெனத் தனிநூலே யாத்தார்கள். அவர்களிடம் பயின்ற குஷைரீ (ரஹ்) அவர்கள் தம் 'ரிஸாலா'வில் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். தான் பிறர்க்கு நீதி செய்துவிட்டுத் தனக்கு நீதி கேளாதிருத்தல் என்பது அவர்கள் காட்டும் பண்பின் சாரம். திருக்குர்ஆன் இச்சொல்லை யாருக்கு வழங்குகிறது என்று பாருங்கள்: தம் மக்களின் சிலைகளை உடைத்த இப்ராஹீம் (அலை) அவர்களுக்கும், தம் ஊராரின் தீமையை ஒப்பாமல் வெளியேறிய குகைத் தோழர்களுக்கும். இருவரும் அயலாரோடு பொருதவர்கள் அல்லர். தம்மவரிடம் 'இது தவறு' என்று சொன்னவர்கள்.

இதையும் பிற்காலத்தார் சடங்காக்கிவிட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1180 முதல் 1225 வரை ஆண்ட அப்பாஸியக் கலீஃபா அந்நாஸிர், ஃபுதுவ்வத்துக்குத் தம்மையே தலைவராக்கிக்கொண்டு, அதற்கெனத் தனிக் கால்சட்டை ஒன்றை அண்டை மன்னர்களுக்கு அனுப்பி அணிவித்தார். அணிந்தவர்கள் எல்லாரும் கலீஃபாவின் கட்டுக்குள் வந்தவர்களாகக் கருதப்பட்டார்கள். கால்சட்டையில் அறம் ஏறுமானால் பகடையிலும் ஏறலாம்.

ஆகவே மருமகனுக்கு எழுதினோம்: வேடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பெயரை எங்கும் இரவல் வாங்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்ததை வையுங்கள். பாத்திரத்தாளில் எண்களை எழுதும் முன் மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். கதை தொடங்குமுன் அவன் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறான்? அவ்வாக்குப் பெற்றவர் மேசையிலிருக்கும் ஐவருள் ஒருவராக இருத்தலாகாது. கதைக்குள் உயிரோடிருக்கும் எளிய மனிதர் ஒருவராக இருக்கட்டும். அடுத்து, அவனை அறத்தில் பழக்கியவர் யார்? தேவதூதர் வேண்டாம், குதிரைக்கு இலாடம் அடிப்பவரோ கிணற்றடிக் கிழவியோ போதும். மூன்றாவதாக, அவனுடைய குறை என்ன? குறையில்லாதவனை எவரும் நம்பமாட்டார். அவனோடு பயணம் செய்யவும் விரும்பமாட்டார். தான் சொல்வதே சரி என்னும் செருக்கு அவனுக்குப் பொருந்தும். நல்லவர்களை அது எளிதில் பிடிக்கும். தோழர்களுக்கு உபதேசம் செய்யும் ஆசை வரும்போதெல்லாம், அதற்குப் பதிலாக அவர்களின் இரவுக் காவல் முறையை அவன் ஏற்றுக்கொள்ளட்டும். கொடுக்கும் பத்தில் ஒரு பங்கைத் தோழர்கள் அறியாமல் கொடுக்கட்டும். நடுவரிடம் முன்கூட்டியே தனியே பேசிவிடுங்கள்: 'என்னைச் சோதியுங்கள், கண்ணி வைக்காதீர்கள்' என்று.

மறுமடல் வர நாளாயிற்று. வேலைப் பளுவில் மறந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டோம். சென்ற திங்கள்தான் வந்தது. ஸாபிர் என்று பெயர் வைத்தாராம். எல்லைப்புறத்து ஓடக்காரர் ஒருவரின் வளர்ப்பு மகனாம். ஆற்றின் இரு கரையாரையும் ஒரே கட்டணத்தில் ஏற்றுவது ஓடக்காரரின் பழக்கமாம். நான்காவது சனிக்கிழமை, கொடும்பூதக் கூட்டமொன்றோடு ஸாபிர் ஓரிரவுப் போர்நிறுத்தம் பேசி வாக்குக் கொடுத்திருக்கிறான். மேசையில் திருடன் வேடம் பூண்டவர், முதலில் அந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்ட அதே நண்பர். அவர் இருட்டில் ஊர்ந்து சென்று பூதங்களின் தூதனை அம்பெய்து வீழ்த்திவிட்டார். மேசையில் ஒரே ஆரவாரம். பகடையில் 20 விழுந்ததாம்.

ஆரவாரம் அடங்கியதும் நம் மருமகன், "ஸாபிர் வாளைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களுடைய குகைக்குத் தனியே நடக்கிறான். வாக்குக் கொடுத்தவன் நான், என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். நடுவர் நெடுநேரம் விதிநூலைப் புரட்டினாராம். பிறகு அதை மூடிவைத்துவிட்டு, எந்தப் பகடையையும் உருட்டச் சொல்லாமல், அன்றிரவு ஆட்டத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டாராம். இரண்டு நாள் கழித்து அந்த நண்பர் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். ஸாபிரை மீட்க வேண்டும், ஆனால் வாளெடுத்துப் போனால் அவன் வரமாட்டான் போலிருக்கிறதே, தூதனின் உயிருக்கு ஈடாக என்ன கொண்டு போவது என்று கேட்டாராம். "நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் கூண்டுக்குள் அல்லவா இருக்கிறேன்?" என்று பதில் சொல்லிவிட்டாராம் மருமகன்.